சோதனைத் திரையும் சேலத்து மண்ணும்

சோதனை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழக்கில் உண்டு. ஒன்றை ஆய்ந்து பார்த்தல் ஒரு பொருள். துன்பத்துக்கு ஆட்படுதல் மற்றொரு பொருள். 'எனக்கென்று வந்த சோதனை' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லும்போது ஒலிப்பது இரண்டாவது பொருளே. தமிழில் சோதனைப் படம் எடுக்க முனைந்தோரின் வரலாற்றைப் படிப்பவர்க்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி வருவது புலனாகும்.

இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில் திரைப்படத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இன்று நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவரிடம் படைப்பாக்கத் திட்டப்பணி ஒன்றைக் கேட்டால், பத்தில் பாதிப்பேர் கவிதைத் தொகுப்போடு வருவதில்லை, குறும்படத்தோடு வருகின்றனர். அவர்களுள் ஒரு சிலர், கதை சொல்லும் வழக்கமான முறையை விட்டு, காட்சியையும் ஒலியையும் வேறு வகையில் அடுக்கிப் பார்க்க விழைகின்றனர். அதற்கு முன்மாதிரி எங்கே என்று தேடும்போது அவர்கள் கைக்கு எட்டுவன எல்லாம் அயல்நாட்டுப் பெயர்களாகவே உள்ளன. சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த ஒருவருக்குத் தம் காலடியிலேயே இக்கலையின் வரலாறு புதைந்து கிடப்பது தெரிவதில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறை

நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டில் தனியே பிரியும் வரை திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தின் ஊராகவே இருந்தது. அவ்வூரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கியவர் டி.ஆர். சுந்தரம். 1907இல் பிறந்த இவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். நூலும் தறியும் பற்றிப் படித்தவர் படச்சுருளின் பக்கம் திரும்பியது வியப்புக்குரியது. ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். பின்னர்ச் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அதன் முதற்படமாகிய 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது.

சென்னைக்கு வெளியே, ஒரு மாவட்டத் தலைநகரில், படப்பிடிப்புத் தளம் முதலாகத் திரைப்படத்துக்கு வேண்டிய வசதிகளை ஓரிடத்தில் திரட்டி வைத்ததே ஒரு சோதனைதான். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) இந்நிறுவனத்தின் தயாரிப்பு. 1940இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். ஒரே சட்டகத்துள் ஒருவரை இருவராகக் காட்டுதல் அக்காலத்து ஒளிப்பதிவுக்கு எளிய செயலன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும், மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' 1961இலும் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின.

தமிழ் பயில்வோர் கருதத்தக்க செய்தி ஒன்று இவற்றுள் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. முன்னதில் 19 பாடல்களும் பின்னதில் 72 பாடல்களுமே எஞ்சின. இவ்விரண்டும் திரை வடிவம் பெற்றது சேலத்தில். குண்டலகேசியின் ஒரு பகுதியைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய 'மந்திரிகுமாரி' 1950இலும், பாரதிதாசன் எழுதிய 'வளையாபதி' 1952இலும் வெளிவந்தன. ஓலையில் அழிந்தவை ஒளியில் மீண்டன என்று அன்று எவரேனும் மகிழ்ந்திருக்கலாம்.

'மந்திரிகுமாரி'யை இயக்கத் தொடங்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற மாணவர். 1935இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கினார். சொல் புரியாதவர் முகத்தையும் அசைவையும் ஒளியையும் நம்பியே தீர வேண்டும். நாடக மேடையின் நீட்சியாகப் பேச்சையும் பாட்டையும் சுமந்து நின்ற தமிழ்ப் படத்துக்குக் காட்சியின் ஆற்றலை உணர்த்தியவர்களுள் அவர் ஒருவர். பல்கலைக்கழகத்தில் முறையாகத் திரைப்படம் கற்ற ஒருவரின் கல்வி சேலத்துப் பட்டறைக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

எனினும் இவையெல்லாம் தொழில்நுட்பத்தில் நிகழ்ந்த சோதனைகள். கதையின் போக்கு, பாடல்களின் இடம், நல்லவர் வெல்லும் முடிவு ஆகியன பெரும்பாலும் மாறவில்லை. வடிவத்தையே கேள்விக்குள்ளாக்கும் சோதனை வேறு வகையைச் சார்ந்தது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' பாடலே இல்லாமல் ஒரு கொலையைப் பலர் பார்வையில் மாற்றி மாற்றிக் காட்டியது. அது பாராட்டைப் பெற்றது; ஆயினும் பாடலில்லாப் படம் எடுக்கும் வழக்கம் அதைத் தொடர்ந்து வேரூன்றவில்லை.

மாணவர் எடுத்த படம்

வடிவச் சோதனையில் சேலம் மாவட்டத்தின் பங்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. ஆறுமுகம் என்னும் இயற்பெயர் கொண்ட ருத்ரய்யா 1947இல் பிறந்த சேலம் மாவட்டத்துக்காரர். அவர் படத்தொழில் பழகச் சென்ற இடம் ஏற்காட்டுச் சாலையன்று. சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரி. 1945இல் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றின் பிரிவாக, ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கிய கல்வி நிலையம் அது. கருவியைக் கையாளப் பழக்குவதற்கென்று எழுந்த அவ்விடம், 1970களில் உலகப் படங்களைப் பார்த்தும் விவாதித்தும் வளர்ந்த ஒரு தலைமுறையை உருவாக்கிற்று.

ருத்ரய்யாவின் முதற்படமான 'அவள் அப்படித்தான்' 1978ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளியானது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா ஆகிய புகழ்பெற்ற நடிகர்கள், இளையராஜாவின் இசை. ஆனால் படம் கறுப்பு வெள்ளை. ஒளிப்பதிவாளர்களான நல்லுசாமியும் ஞானசேகரனும் திரைப்படக் கல்லூரி மாணவர்களே. எழுத்தில் சோமசுந்தரேஸ்வரரோடு நாவலாசிரியர் வண்ணநிலவனும் பங்கேற்றார். நவீன இலக்கியமும் திரைப்படக் கல்வியும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய படம் அது எனலாம்.

அப்படத்தில் அருண் என்பவன் பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறான். ஒலிவாங்கியை நீட்டிப் பெண்களிடம் அவர்கள் வாழ்வைப் பற்றிக் கேட்கிறான். முன்கூட்டி எழுதப்படாத அப்பேட்டிகளில் உண்மையான பெண்கள் தயங்குகின்றனர், சிரிக்கின்றனர், விடை தேடுகின்றனர். கதைப்படத்துக்குள் ஓர் ஆவணப்படம் நுழைந்து கதையையே ஐயுறச் செய்கிறது. பெண்ணைப் புரிந்துகொள்ள விரும்பிப் படம் எடுப்பவன் தன் அருகிலிருக்கும் மஞ்சுவைப் புரிந்துகொள்ளவில்லை என்பதே படத்தின் கூர்மை. பிரான்சில் ழான் ரூஷும் எட்கார் மோரானும் 1961இல் 'ஒரு கோடையின் குறிப்பேடு' என்னும் படத்தில், பாரிசு நகரத் தெருக்களில் செல்வோரிடம் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கச் செய்தனர். அம்முறை வணிகத் தமிழ்ப் படத்துக்குள் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது அரிய நிகழ்வு.

பெண் ஆய்வாளர் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மஞ்சு திருந்துவதில்லை, தண்டிக்கப்பட்டு அடங்குவதுமில்லை. காப்பியக் காலம் தொட்டு நம் கதைப்பெண்களுக்கு வழங்கப்பட்டு வந்த முடிவுகள் எவையும் அவளுக்குப் பொருந்தவில்லை. ஆகவே வேறொரு வடிவம் தேவைப்பட்டது. இங்கே சோதனை என்பது அழகுக்கான அணியன்று. சொல்ல வந்த பொருளே அதனை வேண்டிற்று.

வெளியான புதிதில் மக்கள் ஆதரவு குறைவாகவே இருந்தது. பாரதிராஜாவும், வங்க இயக்குநர் மிருணாள் சென்னும் பாராட்டிய பின்னரே கவனம் திரும்பியது. ருத்ரய்யாவின் இரண்டாம் படமான 'கிராமத்து அத்தியாயம்' 1980இல் வந்து தோல்வியுற்றது. அதன்பின் அவர் இயக்கிய படம் எதுவும் வெளிவரவில்லை. 2014இல் அவர் மறைந்தபோது அவர் பெயரில் இருந்தவை இரண்டே படங்கள். சோதனையின் இரண்டாம் பொருள் இதுதான்.

படச்சுருள் இல்லாத பள்ளி

ருத்ரய்யாவைப் போன்றோர்க்குக் கல்லூரி இருந்தது, கருவி இருந்தது. எதுவும் இல்லாத மாணவர் சோதனைப் படத்தை எவ்வாறு கற்பது என்னும் வினாவுக்கு உலக வரலாற்றில் விடை உண்டு.

1919இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் லெவ் குலெஷோவ் கற்பித்தபோது, உள்நாட்டுப் போரினால் படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. அவருடைய மாணவர்கள் சுருளே இல்லாமல் 'படங்களை' நடித்துப் பழகினர். ஒவ்வொரு காட்சித்துண்டும் எத்துணை நேரம், எக்கோணம் என்று வகுத்து மேடையில் நிகழ்த்தினர். பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டியும் பார்த்தனர். ஒரு நடிகரின் மாறாத முகத்தை அடுத்து உணவுக் கிண்ணத்தைக் காட்டினால் பசியும், சவப்பெட்டியைக் காட்டினால் துயரும் அம்முகத்தில் தெரிவதாகப் பார்ப்போர் கொள்வர் என்பது அப்பட்டறையின் புகழ்பெற்ற முடிவு. பொருள் ஒரு காட்சிக்குள் மட்டும் இல்லை. இரு காட்சிகளுக்கு இடையிலும் பிறக்கிறது. வறுமை தந்த பாடம் இது.

மற்றொருவர் மாயா டெரன். இவர் முதுகலையில் ஆய்ந்தது குறியீட்டுக் கவிதையை. இலக்கிய மாணவியாகிய இவர் 1943இல், தம் கணவர் அலெக்சாண்டர் ஹமீதுடன் சேர்ந்து, தாம் வாழ்ந்த வீட்டிலேயே, 16 மில்லிமீட்டர் கருவியில், சுமார் 14 நிமிடம் ஓடும் 'பிற்பகலின் வலைக்கண்கள்' என்னும் படத்தை எடுத்தார். ஒரு சாவி, ஒரு கத்தி, ஒரு பூ, ஒரு மாடிப்படி. இவையே திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் கொள்கின்றன. அமெரிக்கச் சோதனைத் திரையின் தாய்மூலம் என்று போற்றப்படும் படம் அது.

1953இல் நியூயார்க்கில் கவிதையும் திரைப்படமும் குறித்து நடந்த கருத்தரங்கில் டெரன் கூறிய கருத்து நமக்கு மிகவும் பயன்படுவது. நாடகம் கிடைமட்டமாகச் செல்கிறது. ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சிக்கு இட்டுச் செல்கிறது. கவிதையோ செங்குத்தாக இறங்குகிறது. ஒரு கணத்திலேயே நின்று அதன் ஆழத்தைத் தேடுகிறது. திரைப்படமும் இவ்வாறு இறங்கக்கூடும் என்பது அவர் துணிபு.

அகமும் திரையும்

தமிழ் பயின்றவர்க்கு இக்கருத்துப் புதியதன்று. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. முன்கதையும் முழுக்கதையும் கிடையாது. ஒரு துறை, ஒரு கூற்று, ஒரு கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் பறையும் தொழிலும் கருப்பொருள். இவற்றின் வழியாகவே உரிப்பொருளாகிய உணர்வு துலங்குகிறது. குறுந்தொகையின் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் ஒரு காட்சியும் ஒரு மனநிலையும் அருகருகே வைக்கப்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் வேலை கேட்பவருக்கு விடப்படுகிறது. உள்ளுறையும் இறைச்சியும் செய்வது, குலெஷோவ் இரு துண்டுகளுக்கிடையே கண்டதைத்தான்.

ஐசன்ஸ்டைன் 1929இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஜப்பானிய எழுத்தையும் ஹைக்கூவையும் எடுத்துக்காட்டிப் படத்தொகுப்பை விளக்கினார். குறுந்தொகை அவர் கைக்கு எட்டியிருந்தால் அதனையும் எடுத்தாண்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. இதனால் சங்கப் புலவர்கள் திரைப்படத்தை முன்னறிந்தனர் என்று பெருமை பேசுதல் ஆகாது. அத்தகைய பெருமை ஆய்வுக்கு உதவாது. சோதனைப் படத்தைக் காணவும் எடுக்கவும் வேண்டிய மனப்பயிற்சி நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

அண்மைக் காலத் தமிழ்ப் படங்கள் இதற்குச் சான்று தருகின்றன. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதாகிய புலி விருதைப் பெற்ற 'கூழாங்கல்', ஒரு தந்தையும் மகனும் வெயிலில் நடப்பதையே பெரும்பகுதியாகக் கொண்டது. வேனிலும் நண்பகலும் வறண்ட நிலமும் அதில் பின்னணிகள் அல்ல, அவையே பொருள். பாலைத்திணையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் அதனைக் காட்டிவிட்டுப் பாடலுக்குச் செல்லலாம். பெருமாள்முருகனின் சிறுகதையை அடியொற்றித் தமிழ் இயக்கிய 'சேத்துமான்' நாமக்கல் பகுதியின் பேச்சையும் நிலத்தையும் திரையில் பதித்தது.

தறியொலி

என் மாணவி ஒருத்தி திட்டப்பணிக்காகக் குறும்படம் எடுக்க விரும்பினாள். பெற்றோர் விசைத்தறி ஓட்டுபவர்கள். 'கதை இல்லாமல் படம் எடுத்தால் ஒத்துக்கொள்வார்களா அம்மா?' என்று கேட்டாள். குறுந்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வினாவுக்கு இல்லை என்று சொல்ல எந்தத் தமிழாசிரியராலும் இயலாது. டெரனின் படத்தைக் கைப்பேசியில் மும்முறை பார்த்தாள். 'அவள் அப்படித்தான்' பார்த்தாள். ருத்ரய்யா சேலம் மாவட்டத்துக்காரர் என்றபோது நம்ப மறுத்தாள். பிறகு தன் வீட்டுத் தறிக்கூடத்துக்குள் கைப்பேசியோடு சென்றாள்.

அவள் எடுத்தது ஏழு நிமிடப் படம். தறிக்கூடத்தின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. அங்கே வேலை செய்வோர் கையசைவாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்வர். அப்பேச்சை மட்டும் அவள் பதிவு செய்தாள். இழை அறுந்ததைச் சொல்லும் விரல், தேநீர் வந்ததைச் சொல்லும் தலையசைவு, மகளை வெளியே போகச் சொல்லும் தாயின் புருவம். ஆறாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றுவிடுகிறது. தறி ஓய்கிறது. திரை இருளுகிறது. அவ்விருளில் முதன்முறையாகத் தாயின் குரல் கேட்கிறது. சொல்வது ஒன்றுமில்லை, எத்தனை மணி ஆயிற்று என்று கேட்கிறாள். அவ்வளவே படம்.

அதில் குறைகள் உண்டு. ஒளி சில இடங்களில் போதவில்லை. ஒரு காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. ஆனால் இரைச்சலையும் அமைதியையும் அருகருகே வைத்து, ஒரு வாழ்நாள் உழைப்பை அவள் சொல்லிவிட்டாள். நெசவு படித்த சுந்தரம் தொடங்கிய மரபு, தறிக்கூடத்தில் பிறந்த ஒரு பெண்ணின் கைப்பேசி வரை வந்திருப்பதாக நான் கருதினேன்.

பேணுதல்

ஆனால் அம்மரபை அவளுக்கு யாரும் கையளிக்கவில்லை. தற்செயலாக அவள் அறிந்தாள். நம் கவலைக்குரியது இதுவே.

டி.ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தார். 1980களின் தொடக்கத்தோடு மாடர்ன் தியேட்டர்ஸின் படத்தயாரிப்பு ஓய்ந்தது. தளங்கள் இருந்த நிலம் வீட்டுமனைகளாயிற்று. நினைவுக்கென எஞ்சியது முகப்பு வளைவு. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. இந்தியத் திரைப்படக் காப்பகம் புணேயில் நிறுவப்பட்டதே 1964இல்தான். அதற்குள் அழிந்தவை பல. குண்டலகேசிக்கு நேர்ந்தது படச்சுருளுக்கும் நேர்ந்தது. ஓலையைக் கரையான் தின்றது. சுருளைக் காலமும் கவனக்குறைவும் தின்றன.

சோதனைப் படங்களுக்கு இவ்வாபத்து இரு மடங்கு. வெற்றிப் படத்தை வணிகம் காப்பாற்றும். மறுபடி மறுபடி திரையிடும். தோற்ற சோதனையைக் காப்பாற்ற நினைவு ஒன்றே உண்டு. அந்நினைவு அறுந்தால், ஒவ்வொரு தலைமுறை மாணவரும் தமக்கு முன் எவரும் இவ்வழி நடக்கவில்லை என்றெண்ணி முதலிலிருந்தே தொடங்குவர். முன்னோர் கண்டதை மீண்டும் கண்டுபிடிப்பதிலேயே அவர்தம் ஆற்றல் கழியும். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்திராவிடில் தமிழ்க் கவிஞர்க்கும் இந்நிலையே வாய்த்திருக்கும்.

இலக்கிய வட்டங்கள் செய்யக்கூடிய பணிகள் இதில் உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸில் பணியாற்றிய தச்சர், ஒப்பனையாளர், ஒலிப்பதிவு உதவியாளர் ஆகியோரின் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் பெட்டிகளில் உள்ள பாட்டுப் புத்தகங்களும் நிழற்படங்களும் பழைய காகிதங்களும் ஒரு நூலகத்தின் அலமாரிக்கு வர வேண்டியவை. திங்களுக்கு ஒரு நூலைப் பேசும் நாம் ஆண்டுக்கு நான்கு படங்களையேனும் மாணவரோடு அமர்ந்து பார்த்துப் பேசலாம். கல்லூரிகளில் மாணவர் சமர்ப்பிக்கும் குறும்படங்கள் மதிப்பெண் வழங்கப்பட்டதும் மறைந்துபோகாமல், ஆண்டும் பெயரும் குறித்துச் சேமித்து வைக்கப்படலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும்.

பத்தாண்டுகள் இடைவிடாது கூடிவந்த ஒரு வட்டம் பேணுதலின் அருமையை அறிந்த வட்டம். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் ஒரு மாலையை 'அவள் அப்படித்தான்' படத்துக்கும், தறியொலி கேட்கும் அந்த ஏழு நிமிடத்துக்கும் ஒதுக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.